பொருநைக் கரையின் கூண்டு வண்டி

இரண்டு சக்கரம், அவற்றைச் சேர்க்கும் அச்சாக ஓர் இருசு, அதன்மேல் பலகைத் தட்டு, தட்டின்மேல் வளைத்துக் கட்டிய கூரை, முன்னால் இரண்டு மாடு. கூண்டு வண்டி இவ்வளவுதான். மோட்டார் வருவதற்கு முன்பு திருநெல்வேலிச் சீமையில் பெண்டு பிள்ளைகளோடு தொலைவு போகிறவர்களுக்கு இதுவே வாகனம்; வழியில் இரவானால் இதுவே வீடு. நெல்லும் பருத்தியும் ஏற்றிய பார வண்டிக்கும், மணலும் எருவும் அடித்த மொட்டை வண்டிக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான். அறுவடைக் காலத்தில் மொட்டையாக ஓடிய வண்டியில் திருவிழாக் காலத்தில் கூண்டு ஏற்றிக்கொள்வது சிறு விவசாயிகளின் வழக்கம். வசதியுள்ள வீடுகளில் மட்டுமே பயணத்துக்கென்று தனி வண்டி நின்றது. இருசுக்கும் தட்டுக்கும் நடுவே எஃகுப் பட்டை வில் வைத்த அந்த வகையை வில் வண்டி என்றார்கள். வில் இங்கே வந்தது 19ஆம் நூற்றாண்டில், வெள்ளைக்காரரின் குதிரை வண்டிகளைப் பார்த்து. மற்ற எல்லாம் அதற்கு வெகுகாலம் முந்தியவை.

எவ்வளவு முந்தியவை என்பதற்குச் சங்கப் பாட்டுகளே சான்று. கடற்கரை உப்பளங்களிலிருந்து உள்நாட்டுக்கு உப்புக் கொண்டுபோன உமணர், குடும்பத்தோடு வண்டியிலேயே திரிந்தவர்கள். பெரும்பாணாற்றுப்படை அவர்களுடைய வண்டியின் குடம், ஆர், வட்டை என்று உறுப்பு உறுப்பாக வருணிக்கிறது. அந்த வண்டிக்குப் புல் வேய்ந்த கூரை இருக்கிறது, கோழி அடையும் கூடு இருக்கிறது, பிள்ளையோடு ஒரு பெண் மாட்டை ஓட்டிப் போகிறாள். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் அதியமானின் மகனைப் புகழ எடுத்துக்கொண்ட உவமை, உமணர் வண்டியின் அடியில் கட்டித் தொங்கவிடும் சேம அச்சு. மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறியும் என்று தெரிந்தே மாற்று அச்சோடு கிளம்பியிருக்கிறார்கள். வண்டி வழியில் உடையும், வழியிலேயே சரிசெய்யப்படும் என்ற எண்ணம் இந்த வாகனத்தோடு தொடக்கத்திலிருந்தே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொருநையின், அதாவது தாமிரபரணியின், முகத்தில் இருந்த கொற்கை பாண்டியரின் துறைமுகம். அந்தக் கடற்கரை இன்றும் உப்பு விளையும் நிலம்.

ஆற்றங்கரை ஊர்களுக்கு வண்டிப் பயணத்தின் பெரிய தடை ஆறுதான். வருடத்தில் இரண்டு பருவமழையும் பெறும் நதி தாமிரபரணி. தென்மேற்குப் பருவத்தில் பொதிகை மலையிலிருந்தும் வடகிழக்குப் பருவத்தில் சமவெளி மழையாலும் வெள்ளம் வரும். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே தண்ணீர் இறங்கிய நாட்களில் வண்டி ஆற்றில் இறங்கிக் கடக்கும். ஏறிய நாட்களில் பரிசலையும் படகையும் நம்பிக் கரையிலேயே காத்துக் கிடக்கும். இந்தக் காத்திருப்பை ஒழித்தது 1843-ல் திறந்த சுலோசன முதலியார் பாலம். ஈ.பி. தாம்சன் கலெக்டராக இருந்த காலத்தில், கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் அது. பதினொரு வளைவுகள் கொண்ட அதற்கு லண்டன் தேம்ஸ் நதியின் வாட்டர்லூ பாலம் முன்மாதிரி என்பார்கள். அரசாங்க ஊழியர் ஒருவர் தன் கைப்பணத்தில் கட்டிய பாலத்தின்மேல் நகரத்தின் வண்டிப் போக்குவரத்து முழுவதும் போனது. அந்த இடத்தில் இன்றும் போக்குவரத்து நிற்கவில்லை.

பயண வண்டிக்கு வேலை கொடுத்தவை பெரும்பாலும் கோயில்களும் சடங்குகளும். மாசித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர், சித்திரை விசுவுக்குப் பாபநாசம், ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில், சாரல் காலத்தில் குற்றாலம், ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லையப்பர் கோயில், இவற்றுக்கு நடுவே கல்யாணம், கருமாதி, பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு. திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மாடு மணிக்கு நாலு கிலோமீட்டர் நடந்தாலும் ஓர் இரவில் தீராது. அதனால் வெயில் தாழக் கிளம்பி, நடுச்சாமத்தில் அவிழ்த்துப்போட்டு மாட்டுக்குத் தண்ணீரும் வைக்கோலும் காட்டி, விடியலில் மறுபடி பூட்டுவார்கள். வழியெங்கும் சத்திரங்களும் மண்டபங்களும் சுமைதாங்கிக் கற்களும் கிணறுகளும் இந்தக் கணக்கில் அமைந்தவைதான். ஊர் எல்லையில் வண்டிகள் கூட்டமாக அவிழ்த்து நிற்கும் திடல் வண்டிப்பேட்டை.

தட்டின்மேல் ஒரு முழ உயரத்துக்கு வைக்கோல் பரப்புவார்கள். குலுங்கலைத் தாங்கும் மெத்தை அது, மாட்டுக்குத் தீவனமும் அதுவே; போகப்போக மெத்தை குறைந்துகொண்டே வரும். அதன்மேல் பாய். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் பத்தமடையில் கோரையைப் பட்டுப்போல நெய்யும் தொழில் இருந்ததால் இந்தப் பக்கத்து வில் வண்டிகளுக்கு நல்ல பாய்க்குக் குறைவில்லை. கூண்டு மூங்கில் வரிச்சுகளால் ஆனது. பனையோலைப் பாய் போர்த்தியது ஏழை வண்டி, எண்ணெய்த்துணியோ தகரமோ போர்த்தி வர்ணம் அடித்தது பணக்கார வண்டி. பின்பக்கம் திரை. தட்டின் அடியில் ஒரு சாக்கு ஊஞ்சல் தொங்கும். அதில் சோற்றுப் பானையும் புளியும் கருப்பட்டியும். இருசுக்குப் பக்கத்தில் வண்டி மை அடைத்த மூங்கில் குழாய், இரவானால் அரிக்கேன் விளக்கு. ஆற்றங்கரையில் அவிழ்த்ததும் மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டிவிடுவார்கள். சொரிமுத்து அய்யனார் கோயிலில் பல நாள் குடில் போட்டுத் தங்கி வழிபடும் வழக்கம் இந்தப் பயண முறையின் தொடர்ச்சி. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் கட்டுப்பாடுகளுக்கு இடையில் அந்த வழக்கம் இன்னும் இருக்கிறது; வண்டிக்குப் பதில் வேனும் லாரியும் வந்துவிட்டன.

வில் வண்டி சொகுசு மட்டுமல்ல, அந்தஸ்தும்கூட. மிராசுதார் வீட்டு வண்டியின் மணியோசை கேட்டு நடந்து போகிறவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். யார் எதில் ஏறலாம், எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. மலைக்கு அந்தப்புறம் திருவிதாங்கூரில் 1893-ல் புலையர் சமூகத்து அய்யன்காளி ஒரு வில் வண்டியும் வெள்ளைக் காளைகளும் வாங்கி, மணி கட்டி, தன் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் ஓட்டிப்போனார். தாக்க வந்தவர்களை எதிர்த்து நின்று ஓட்டிய அந்தப் பயணம் கேரளத்தின் சமூக வரலாற்றில் ஒரு திருப்பம். இந்தப் பக்கத்தில் 1895-ல் கழுகுமலையில் தேரோடும் வீதிகளில் நாடார்கள் ஊர்வலம் போகும் உரிமையைப் பற்றி மூண்ட கலவரத்தில் உயிர்கள் போயின. பழைய வில் வண்டியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள், அதில் ஏற இடமில்லாதவர்களே அதிகம் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இனி சக்கரம். வண்டியின் அறிவு முழுவதும் அதில்தான் இருக்கிறது, வண்டியின் நோயும் அதில்தான்.

நடுவில் குடம். முரடாக நார் பின்னிய, பிளக்காத மரம் அதற்கு வேண்டும்; வாகையும் நாட்டுக் கருவேலமும் உகந்தவை. குடத்தின் வெளிச்சுற்றில் துளைகள் வெட்டி ஆரக்கால்களை அடித்து இறக்குவார்கள். ஆரக்கால்களின் மறுமுனைகள், சக்கரத்தின் விளிம்பாகச் சேரும் வட்டைகளுக்குள் போகும். ஒரு வட்டைக்கு இரண்டு ஆரக்கால் என்பது கணக்கு. ஆறு வட்டை என்றால் பன்னிரண்டு ஆரக்கால். வட்டையை நெருப்பில் காட்டி வளைப்பதில்லை. இயற்கையாகவே வளைந்த கிளையைத் தேடிப் பிடித்து, அந்த வளைவின் போக்கிலேயே அறுப்பார்கள். அப்போதுதான் நார் அறுபடாது. கண்மாய்க்குள் கோணலாக வளர்ந்த கருவேலமரம் விறகுக்காரனுக்கு ஒரு விலை, வண்டித் தச்சருக்கு வேறொரு விலை. வெட்டிய மரத்தைக் குளத்து நீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, பிறகு நிழலில் உலர்த்தி எடுப்பது பதப்படுத்தும் முறை. நுகத்தடிக்கு மட்டும் கனமில்லாத மஞ்சணத்தி. மாட்டின் கழுத்தில் கிடப்பது லேசாக இருக்க வேண்டும்.

ஆரக்கால்கள் குடத்திலிருந்து நேராக விரிவதில்லை, சற்றே வெளிப்புறமாகச் சாய்ந்திருக்கும். சக்கரத்தைக் கிடத்தினால் ஆழமில்லாத தட்டம் மாதிரித் தெரியும். மாடு நடக்கும்போது சுமை இடமும் வலமும் ஆடும். ஒவ்வோர் ஆட்டமும் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். நேரான ஆரக்கால் அந்தத் தள்ளலுக்கு எளிதில் வளைந்துகொடுக்கும், சாய்ந்த ஆரக்கால் முட்டுக்கொடுத்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் இயந்திரவியல் படிக்காத தச்சர் இந்தச் சாய்வைக் கண்ணளவில் வைத்தார்.

தச்சர் வேலை முடிந்த இடத்தில் கொல்லர் வேலை தொடங்கும். இரும்புப் பட்டையை வளைத்து வளையமாக்கிப் பொருத்துகிறபோது, சக்கரத்தின் சுற்றளவை நூல் பிடித்து அளந்து, வளையத்தை வேண்டுமென்றே சிறிதாக விடுவார். ஐந்தடி விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு பதினைந்தே முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவு. அந்த நீளமுள்ள இரும்பு சுமார் 600 பாகை செல்சியசுக்குச் சூடேறினால் ஓர் அங்குலத்துக்கு மேல் நீளும். தரையில் வளையத்தைக் கிடத்தி, சுற்றிலும் வறட்டி அடுக்கி மூட்டம் போட்டு, இரும்பு செம்மை தட்டியதும் மூன்று நான்கு பேர் குறடுகளால் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்குவார்கள். மரம் புகைந்து தீப்பிடிக்கும். சம்மட்டியால் நாலு பக்கமும் தட்டி இறக்கிய கணத்தில் குடம் குடமாகத் தண்ணீர் கொட்ட வேண்டும். குளிர்ந்து சுருங்கும் இரும்பு வட்டைகளை இறுக்கும், வட்டைகள் ஆரக்கால்களைக் குடத்துக்குள் நெருக்கும். ஆணியோ பசையோ கொடுக்க முடியாத இறுக்கம் அது. வளையம் கொஞ்சம் பெரிதாகிப்போனால் சக்கரம் கடகடக்கும், அளவுக்கு மீறிச் சிறிதானால் ஆரக்கால்கள் வளைந்து நெளியும். இந்த ஓரிரு விரற்கடை வித்தியாசம் கொல்லரின் பேரைத் தீர்மானித்தது. நல்ல பட்டை போடுகிறவரைத் தேடிப் பத்து மைல் தாண்டியும் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போவார்கள்.

அந்த இறுக்கம் நிலைக்காது. சித்திரை வெயிலில் மரம் உலர்ந்து சுருங்கும், இரும்பு சுருங்காது, பட்டை தளரும். வண்டிக்காரர் முதலில் செய்வது, வாய்க்காலிலோ ஆற்றிலோ வண்டியை இறக்கிச் சக்கரத்தை ஊறவிடுவது. ஊறிய மரம் உப்பிப் பட்டையைப் பிடித்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் பட்டைக்கும் வட்டைக்கும் இடையே மர ஆப்பு. அதுவும் ஆகாவிட்டால் பட்டையைக் கழற்றிக் கொஞ்சம் வெட்டி, மறுபடி பற்றவைத்து, மறுபடி மூட்டம். கால்வாய்ப் பாசனம் உள்ள அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கத்து வண்டிகளுக்கு நீர் ஒரு மைல் தொலைவுக்குள் கிடைத்தது. வடக்கே வானம் பார்த்த பூமியிலும் கிழக்கே தேரிக்காட்டிலும் ஓடிய வண்டிகளுக்கு அந்த வசதி இல்லை. அங்கே கொல்லருக்கு வேலை அதிகம்.

மற்ற உறுப்புகளும் வெவ்வேறு வயதில் சாகும். விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த மையை அடிக்கடி போட்டாலும் இருசும் அதைச் சுற்றிய பூணும் தேயும். தட்டுப் பலகை உளுக்கும். கூண்டின் ஓலைப்பாய் இரண்டு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது. நுகத்தடி ஒடியும். ஒரு வண்டியில் தாத்தா காலத்துக் குடமும், அப்பா காலத்து ஆரக்காலும், போன வருடத்து வட்டையும் சேர்ந்தே ஓடும். புது வண்டி செய்வதைவிடப் பழைய வண்டியைப் பார்ப்பதே தச்சருக்கும் கொல்லருக்கும் பெரிய பிழைப்பாக இருந்தது. விவசாய வண்டிகளுக்கு இந்த வேலையெல்லாம் ஊர்த் தொழிலாளிகளுக்குக் களத்தில் கூலியாக அளக்கும் சுதந்திர நெல்லுக்குள் அடக்கம். பட்டைக்கு இரும்பு மட்டும் வண்டிக்காரர் வாங்கித் தர வேண்டும். அறுவடைக்கு முன்பு பட்டறை வாசலில் வண்டிகள் வரிசை நிற்பதும், முதலில் யார் வண்டி என்று சண்டை வருவதும் ஊர்தோறும் நடந்தது. பழுது பார்ப்பது என்று தனியாக ஒரு கட்டம் இந்த வாகனத்தின் வாழ்க்கையில் இல்லை, அது ஓடியதே பழுதுபார்ப்பின் மேல்தான்.

1876-ல் மணியாச்சியிலிருந்து திருநெல்வேலிக்கு ரயில் வந்தது. அதே காலத்தில் தூத்துக்குடிக்கும் பாதை திறந்தது. கரிசல் காட்டுப் பருத்தியை நாட்கணக்கில் நடந்து துறைமுகத்தில் சேர்த்த பார வண்டிகளின் நெடும்பயணம் அதோடு முடிந்தது. 1902-லிருந்து 1904-க்குள் கல்லிடைக்குறிச்சி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை பாதை நீண்டதும், ஆரியங்காவுக் கணவாய் வழியே திருவிதாங்கூருக்கு அரிசியும் மிளகாயும் கொண்டுபோன வண்டிகளுக்கும் அதே கதி. 1923-ல் திருச்செந்தூருக்கு ரயில் போனது. ஆனால் ரயிலால் மாட்டு வண்டி ஒழிந்துவிடவில்லை. ஸ்டேஷனில் இறங்கியவர் ஊர் போய்ச்சேர வண்டிதான் வேண்டும். பாபநாசத்தில் ஹார்வி கம்பெனியின் பஞ்சாலைக்கும் ஊர்ச் சந்தைகளுக்கும் சரக்கு அடிக்க வண்டிதான் வேண்டும். தூரம் குறைந்தது, நடை பெருகியது. நகராட்சிகளுக்கு வண்டி வரி ஒரு வருமானமாகவே இருந்தது.

பயண வண்டியை உண்மையில் முடித்தது பஸ். தனியார் பஸ்கள் ஊர்களைத் தொட்ட காலத்திலேயே கூண்டு வண்டி தொழுவின் மூலைக்கு ஒதுங்கத் தொடங்கியது. 1974-ல் திருநெல்வேலியைத் தலைமையிடமாகக் கொண்டு கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் உருவானபின் சிற்றூர்களுக்கும் பஸ் போனது. பிள்ளைப்பேற்றுக்கு வண்டி கட்டும் வழக்கம் அந்தத் தலைமுறையோடு நின்றது. சரக்கு வண்டி இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது, வேறு உருவத்தில். டன்லப் நிறுவனம் 1930களிலிருந்து மாட்டு வண்டிக்கென்று காற்றடைத்த டயரைக் கொண்டுவந்திருந்தது. தார்ச்சாலையை அறுக்கும் இரும்புப் பட்டையைச் சாலைப் பொறியாளர்கள் வெறுத்தார்கள், மாட்டுக்கும் டயர் சுலபம். ஆனால் டயர் வண்டிக்கு வட்டை வேண்டாம், ஆரக்கால் வேண்டாம், பட்டை போட வேண்டாம். பஞ்சர் ஒட்டுகிற கடைக்காரர் தச்சர், கொல்லர் இருவரின் இடத்தையும் எடுத்துக்கொண்டார். பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர் என்.எஸ். ராமசாமி, நாட்டில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மாட்டு வண்டிகள் ஓடுகின்றன, அவற்றைச் செம்மைப்படுத்துவது ரயிலையும் லாரியையும் போலத் தேசிய வேலை என்று 1970களிலும் 80களிலும் வாதாடினார். பேரிங் வைத்த இருசு, கழுத்தை வதைக்காத நுகத்தடி என்று அவர் சொன்னவை நியாயமானவை. டிராக்டர் அதற்குள் களத்துக்கு வந்துவிட்டது. தாமிரபரணியில் கடைசியாகப் பெருமளவில் ஓடியவை மணல் வண்டிகள். கம்யூனிஸ்ட் தலைவர் ஆர். நல்லகண்ணு தொடுத்த வழக்கில் 2010 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆற்றில் மணல் அள்ளத் தடை விதித்தது. நதிக்கு அது அவசியமாக இருந்தது.

தொழுவில் கிடந்த கூண்டு வண்டிகளை இப்போது புதுப்பிக்கிறார்கள். கல்யாண ஊர்வலத்துக்கும் விடுதி முற்றத்துக்கும் சினிமாவுக்கும் அவை தேவைப்படுகின்றன. பூர்வீக வீட்டைச் சீரமைக்கிறவர்கள் திண்ணையோடு வண்டியையும் சேர்த்துச் சீரமைக்கிறார்கள். அமெரிக்காவில் 1936-ல் வந்த ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் போன்ற அலுமினிய இழுவை வீடுகளை மீட்கிறவர்களுக்குத் தொழிற்சாலை வரைபடமும் அளவுகளும் துணைக்கு உண்டு. கூண்டு வண்டிக்கு வரைபடம் கிடையாது. செய்த தச்சரின் முழக்கோலே அளவு. ஆகவே பிரிப்பதற்கு முன்பு ஒவ்வோர் உறுப்பையும் அளந்து குறித்துக்கொள்வதே முதல் வேலை. பிறகு குடத்தைத் தட்டிப் பார்ப்பார்கள்: ஓசை கணீரென்று இருந்தால் மரம் உயிரோடு இருக்கிறது, மந்தமாக இருந்தால் உள்ளே உளுத்துவிட்டது. குடம் நன்றாக இருந்தால் மற்றதை மாற்றிக்கொள்ளலாம். குடம் போனால் சக்கரமே புதிது.

மரத்தில்தான் முதல் சிக்கல். கண்மாய்களை நிரப்பி நிற்பது சீமைக் கருவேலம். வட்டைக்கு வேண்டிய தடிமனும் வளைவும் சேர்ந்த நாட்டுக் கருவேலத் தடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தேக்கில் சக்கரம் செய்து பாலிஷ் போட்டு நிறுத்துகிறவர்கள் உண்டு, கண்ணாடிக்குப் பின்னால் வைப்பதற்கு அது போதும். இரண்டாவது சிக்கல் பட்டை. மூட்டம் போட ஆளில்லாமல் பட்டையைப் பச்சையாகவே வளைத்து, வெல்டிங் வைத்து, ஆணியடித்துவிடுகிறார்கள். பார்வைக்குக் குறை தெரியாது. ஒரு கோடை கழிந்ததும் வட்டைகளுக்கு நடுவே விரல் நுழையும். வில்லைப் பழைய ஜீப்பிலிருந்து எடுத்துப் பொருத்துவது இன்னொரு வழக்கம். அது இந்த வண்டிக்கு விறைப்பு அதிகம், உட்கார்ந்தவருக்கு வில் இருப்பதே தெரியாது. கூண்டு மட்டும் அவ்வளவு சிரமம் தருவதில்லை. மூங்கில் வளைக்கவும் ஓலைப்பாய் முடையவும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், பத்தமடைப் பாயும் நெய்யப்படுகிறது.

மரச் சக்கரம் செய்யும் கை முழுக்க மறையாமல் இருப்பதற்குக் காரணம் மாட்டு வண்டிப் பந்தயம். தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் கோயில் கொடைகளில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரித்து நடக்கும் பந்தயத்தில் தூரத்தை இன்றும் மைல் கணக்கில்தான் அறிவிக்கிறார்கள். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு வண்டிப் பந்தயத்தையும் தடை செய்தபோது பந்தய வண்டி செய்யும் பட்டறைகளுக்கும் வேலை நின்றது. 2017-ல் தமிழ்நாடு அரசு இயற்றிய சட்டத் திருத்தம் ஜல்லிக்கட்டுக்கு வழி திறந்தது. அது செல்லும் என்று 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு சொன்னது. அந்தத் தீர்ப்பு மகாராஷ்டிரம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களின் வண்டிப் பந்தயச் சட்டங்களையும் ஏற்றது. பந்தய வண்டியில் தட்டு என்று சொல்ல ஒன்றுமில்லை, ஓட்டுகிறவர் நிற்கச் சில குறுக்குக் கட்டைகள் மட்டும். ஆயினும் குடத்தில் ஆரக்கால் இறக்கவும் அதன் சாய்வைப் பார்க்கவும் அங்கே பழக்கம் விட்டுப்போகவில்லை. கூண்டு வண்டியைப் புதுப்பிக்க நினைக்கிறவர் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய இடம் அந்தப் பட்டறை. தை, மாசி, சித்திரையில் அங்கே பந்தய வேலை குவிந்திருக்கும். மழைக்காலத்தில் போனால் ஆள் கிடைப்பார்கள்.